அண்டப்புளுகும் ஆகாய இணையமும்

நம் ஜனங்களிடத்தில் “மேலேயிருந்து வருகிறது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். என்ன வருகிறது, யார் அனுப்புகிறான், அதற்கு விலை என்ன, வந்த பிறகு அது காரியத்திற்கு உதவுமா என்னும் கேள்விகளெல்லாம் ஓடி ஒளிந்து கொள்ளுகின்றன. வேதம் மேலேயிருந்து வந்தது என்றான், தலையைக் குனிந்தோம். ஜாதியும் மேலேயிருந்து வந்தது என்றான். குனிந்த தலை இன்னும் முழுக்க நிமிர்ந்தபாடில்லை. இப்பொழுது இணையமும் மேலேயிருந்து வருகிறது என்று விற்கிறார்கள். இது உண்மையிலேயே மேலேயிருந்துதான் வருகிறது, அதில் பொய்யில்லை. ஆனால் மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த ஒரு கேள்வியைக் கேட்காததனால் நமது தோழர் ஒருவர் கடனாளியானதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.

மலையூர் ஒன்றில் அந்தத் தோழர் சிறு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பகலில் ஜாதிச் சான்றுக்கும், உபகாரச் சம்பளத்திற்கும், பரீட்சைக்கும் மனுப் போட வருகிறவர்கள் கூட்டம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் விளையாட வருகிற கூட்டம். அந்த ஊருக்கு ஃபைபர் கம்பி வரவில்லை. செல்போன் டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த நிலைமையில் ஒரு கம்பெனியின் ஆள் வந்து, சாட்டிலைட் இணையம் போட்டுக் கொள்ளுங்கள், வினாடிக்கு 20 மெகாபிட் வேகம், இனி உங்கள் கடையும் பட்டணத்துக் கடையும் ஒன்றுதான் என்று சொன்னான். தோழரும் கடன் வாங்கி டிஷ்ஷை மாட்டிவிட்டார். மாட்டின அன்றைக்கே கட்டிடத்துச் சொந்தக்காரர் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, கம்பத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டுப் போனார்.

படம் ஓடிற்று, பாட்டு ஓடிற்று, எல்லோருக்கும் திருப்தி. சாயங்காலம் பிள்ளைகள் வந்து சுடுகிற ஆட்டத்தில் உட்கார்ந்ததும்தான் வினை வந்தது. பையன் எதிரியைக் கண்டு விரலை வைப்பதற்குள் தானே செத்துப் போயிருக்கிறான். சுவர் மறைவில் ஓடிப் பதுங்கினவன், பதுங்கின பிறகும் செத்து விழுகிறான். பத்து ஆட்டத்தில் பத்தும் தோல்வி. உடனே ஊரில் ஆளுக்கொரு சாஸ்திரம் பிறந்துவிட்டது. ராகுகாலத்தில் மாட்டினதன் பலன் என்றார் ஒருவர். டிஷ் தெற்கே பார்க்கிறது, அது எமன் திசை, வடக்கே திருப்பி வை என்றார் வாஸ்து படித்த இன்னொருவர். அவர் பேச்சைக் கேட்டுத் திருப்பியிருந்தால் உள்ளதும் போயிருக்கும். அந்த வகை சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் நிற்க முடியும். நாமோ அந்த ரேகைக்கு வடக்கே குடியிருக்கிறோம். ஆகவே நம் நாட்டில் எவன் வீட்டு மாடியில் டி.வி. டிஷ் வைத்தாலும் அது தெற்குச் சாய்வாகத்தான் இருந்தாக வேண்டும். அக்கிரகாரத்து மாடியிலுள்ள டிஷ்ஷும் எமன் திசையைப் பார்த்துக் கொண்டேதான் பக்திப் படம் காட்டுகிறது.

எலுமிச்சம்பழம் கட்டினவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாட்டிலைட்டை மேலே அனுப்புகிற பெரிய படிப்புக்காரர்களே திருப்பதிக்குப் போகிறார்கள் அல்லவா? 2019 ஜூலையில் சந்திரயான்-2 கிளம்புவதற்கு முன் இஸ்ரோவின் தலைவர் மலையேறிக் கும்பிட்டு வந்தார். செப்டம்பரில் அதன் இறங்குகலம் சந்திரனில் மோதி விழுந்தது. 2023 ஜூலையில் சந்திரயான்-3-க்கும் அதன் மாதிரி பொம்மையைக் கொண்டுபோய்ப் பூசை செய்தார்கள். ஆகஸ்டில் அது ஒழுங்காக இறங்கிற்று. பூசை இரண்டு தடவையும் ஒன்றே. சாமியும் அதே சாமி. இடையில் மாறியது என்னவென்றால் கலத்தின் கால்களும், யந்திரமும், கணக்கும்தான். மாற்றி அமைத்த அந்த இஞ்சினீயர்களின் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா? சாமியின் பெயர் மாத்திரம் எல்லோருக்கும் தெரியும்.

நிற்க. நாம் அந்தக் கடைக்குப் போனபோது செய்தது ஒரே ஒரு காரியம்தான். “பிங்” என்று ஒரு சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சிறு சேதியை அனுப்பி, அது போய்த் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பது. காசு செலவில்லை, கைப்போனிலும் பார்க்கலாம். அங்கே 640, 655, 710 என்று எண்கள் வந்தன. இவை மில்லிசெகண்டு, ஆயிரம் மில்லிசெகண்டு ஒரு வினாடி. அதாவது அந்தப் பையன் துப்பாக்கியை அழுத்தின சேதி போய்ப் பதில் வந்து சேர ஒரு வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகியிருக்கிறது. ஃபைபர் உள்ள பட்டணத்துப் பையனுக்கு அதே காரியம் இருபது முப்பது மில்லிசெகண்டில் முடிகிறது. ஒருவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, இருவரும் சமமாய்ச் சண்டை போடுங்கள் என்று சொல்லுவது போன்றதுதான் இது.

ஏன் இப்படி? கம்பெனிக்காரன் சாட்டிலைட் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்லவில்லை, நம்மவரும் கேட்கவில்லை. பூமி ஒரு சுற்றுச் சுற்றுகிற அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றுச் சுற்றி, கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்க முடியும். நமது சேதி அவ்வளவு தூரம் மேலே ஏறி, அவ்வளவு தூரம் கீழே இறங்கிக் கம்பெனியின் தரை நிலையத்திற்குப் போக வேண்டும். பதிலும் அப்படியே ஏறி இறங்க வேண்டும். நான்கு நடையும் சேர்த்தால் சுமார் 1,43,000 கிலோமீட்டர். ஒளியும் ரேடியோ அலையும் வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அரை வினாடி. யந்திரங்களில் நின்று வருகிற நேரத்தையும் சேர்த்தால் 600-க்கு மேல். இந்த அரை வினாடியை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. எந்தப் பரிகாரத்தாலும் குறைக்க முடியாது. மேல் ஜாதிக்காரன் சேதிக்கு ஒரு வேகம், கீழ் ஜாதிக்காரன் சேதிக்கு ஒரு வேகம் என்று ஒளி மனுதர்மம் பார்ப்பதும் இல்லை.

அப்படியானால் 20 மெகாபிட் என்று அவன் சொன்னது பொய்யா என்றால், பொய் அல்ல. பொய் அல்லாததைச் சொல்லி ஏமாற்றினதுதான் அவன் சாமர்த்தியம். கவலை இறைத்த கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சால் எவ்வளவு பெரிது என்பது ஒரு சங்கதி. கிணறு எவ்வளவு ஆழம் என்பது வேறு சங்கதி. பெரிய சாலைக் கட்டினால் ஒரு தடவைக்கு நிறையத் தண்ணீர் வரும், வயல் பாயும். ஆனால் ஆழக் கிணற்றில் மாடு கடைசி வரை நடந்து சால் மேலே வந்து கவிழ்ந்தால்தான் முதல் சொட்டைக் காண முடியும். தாகத்தோடு நிற்கிறவனுக்குச் சாலின் பெருமையைச் சொல்லி என்ன பயன்? மெகாபிட் என்பது சாலின் அளவு. பிங் என்பது கிணற்றின் ஆழம். சினிமாப் பார்ப்பது வயல் பாய்ச்சுகிற மாதிரி. கொஞ்சம் முன்னதாகவே நிரப்பி வைத்துக்கொண்டு ஓட்டலாம். சுடுகிற ஆட்டம், பந்தயக் கார் ஆட்டம் எல்லாம் நொடிக்கு நொடி ஒரு மிடறு கேட்கிற தாகம். ஒரு மணி நேரம் ஆடினாலும் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நூறு இருநூறு மெகாபைட்டுக்கு மேல் செலவாகாது. ஆகவே ஆடுகிறவனிடம் போய் 20 மெகா, 50 மெகா, 100 மெகா என்று பேசுவது, மொட்டைத் தலையனுக்குச் சீப்பின் பல்லை எண்ணிக் காட்டுவது போன்றதாகும்.

பக்கங்களைப் பார்ப்பதற்காவது இது உதவுமா என்றால், உதவும். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பக்கத்தைத் திறக்க ஒரு நடை போதாது. முதலில் அந்தப் பெயருக்குரிய விலாசத்தைக் கேட்க ஒரு நடை. அந்த விலாசத்தில் கதவைத் தட்ட ஒரு நடை. நடுவில் யாரும் படித்துவிடாதபடி பூட்டுச் சாவி பேசிக்கொள்ள ஒரு நடை. பிறகுதான் பக்கத்தைக் கேட்கிற நடை. நான்கு நடைக்கு 600 வீதம் 2,400. முதல் எழுத்துத் தெரிவதற்கே இரண்டரை வினாடி. இதைக் குறைக்கக் கம்பெனிகள் தங்கள் பெட்டிக்குள் சில உபாயங்கள் வைத்திருக்கின்றன. ஓரளவு பலனும் உண்டு. ஆனால் ஆபீசு வேலைக்காக வி.பி.என். போட்டுக் கொண்டால் அந்த உபாயங்களில் பல செல்லாமல் போய்விடும். மனுப் போடுகிறவன், கடிதம் அனுப்புகிறவன், பாடம் படிக்கிறவன் இதோடு காலந்தள்ளலாம். சதுரங்கம் போல் மாறி மாறி நகர்த்துகிற ஆட்டமும் ஆடலாம். எதிரியும் தானும் ஒரே நொடியில் கை நீட்டுகிற ஆட்டத்திற்கு மாத்திரம் இது அறவே உதவாது. இதை அந்த ஆள் முதல் நாளே சொல்லியிருந்தால் தோழர் கடன் வாங்கியிருக்க மாட்டார் என்பது அவனுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. மூன்று சாட்டிலைட்டுகளை அந்த உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் சேதி அனுப்பலாம் என்று 1945-ல் ஆர்தர் சி. கிளார்க் என்பவர் ஒரு ரேடியோப் பத்திரிகையில் கணக்குப் போட்டு எழுதினார். (பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து சாகும் வரை அங்கேயே வாழ்ந்தவர் இவர்.) அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1964-ல் அப்படி நிற்கிற முதல் சாட்டிலைட் மேலே போயிற்று. இது நடந்தது. ஆனால் 2018 ஏப்ரலில், திரிபுராவின் முதல் மந்திரியாயிருந்த பிப்லப் குமார் தேவ் அவர்கள், மகாபாரத காலத்திலேயே நமக்கு இன்டர்நெட்டும் சாட்டிலைட்டும் இருந்தன, இல்லாவிட்டால் சஞ்சயன் அரண்மனையில் உட்கார்ந்துகொண்டே திருதராஷ்டிரனுக்கு யுத்தத்தைச் சொன்னது எப்படி என்று கேட்டார். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: சஞ்சயனுக்குப் பிங் எவ்வளவு? நிற்கிற சாட்டிலைட்டா, தாழப் பறக்கிற சாட்டிலைட்டா? மழை பெய்த அன்றைக்கு அர்ஜுனனுடைய அம்பு நடுவழியில் நின்றுபோனதா? அதுவுமன்றி, அந்த இன்டர்நெட் ஒரு ராஜாவுக்கு மட்டும்தானே இருந்தது? காட்டிலிருந்த ஏகலைவனுக்கு ஒரு இணைப்புக் கொடுக்கவில்லையே? இணைப்புக் கொடுக்காததோடு, கட்டைவிரலையும் வெட்டி வாங்கிக் கொண்டார்கள். இன்றைக்குக் கைப்போனில் ஆடுகிற பிள்ளைக்குக் கட்டைவிரல்தான் மூலதனம். துரோணர் அந்தக் காலத்திலேயே தொலைநோக்கோடுதான் காரியம் செய்திருக்கிறார்!

இனி, வேறு ஒரு வகையும் இருக்கிறது. அதையும் இதையும் ஒன்றாக எண்ணி, சாட்டிலைட் என்றாலே ஆட்டத்திற்கு ஆகாது என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டால் அதுவும் மூடநம்பிக்கைதான். 2019 முதல் ஸ்டார்லிங் என்கிற அமெரிக்கக் கம்பெனி, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு சாட்டிலைட்டுகளைப் பறக்கவிட்டிருக்கிறது. ஒன்வெப் என்பதன் சாட்டிலைட்டுகள் சுமார் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றில் 72-ஐ 2022-லும் 2023-லும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இஸ்ரோவே ஏற்றிவிட்டது. 550 கிலோமீட்டர் என்றால் முன் சொன்ன உயரத்தில் அறுபத்தைந்தில் ஒரு பங்கு. நான்கு நடையும் சேர்ந்து 2,200 கிலோமீட்டர். ஒளிக்கு அது ஏழெட்டு மில்லிசெகண்டு வேலை. மற்ற இடங்களில் ஆகும் நேரத்தையும் சேர்த்துத் தரைப்பகுதியில் 25 முதல் 60 வரை என்று அந்தக் கம்பெனி சொல்லுகிறது. அது உண்மையாக வருகிற இடத்தில் சுடுகிற ஆட்டமும் ஆடலாம், பக்கமும் பட்டென்று திறக்கும். இலங்கையில் இது 2025 ஜூலையில் தொடங்கிற்று. நம் நாட்டில் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை இதற்கு உரிமம் கொடுத்தது.

ஆனால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாழப் பறக்கிறது ஓரிடத்தில் நிற்காது. சில நிமிஷத்தில் தலையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே டிஷ் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த டிஷ்ஷுக்கு எந்த சாட்டிலைட் என்கிற ஏற்பாடு பதினைந்து வினாடிக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அந்த மாறுதலில் சில சமயம் ஒரு வெட்டு வெட்டும். சராசரி 40 என்றிருந்தும் நடுவில் ஒரு தடவை 150-க்குத் தாவினால், அந்த ஒரு தடவையில்தான் பையன் சுடப்பட்டிருப்பான். வானம் நாலாபுறமும் திறந்திருக்க வேண்டும். ஒரு தென்னை மரம், தேயிலைத் தோட்டத்துச் சவுக்கு மரம் குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அறுந்து போகும். நிற்கிற சாட்டிலைட்டானாலும், பறக்கிற சாட்டிலைட்டானாலும் கனமழை இரண்டுக்கும் சத்துரு. இந்த அலைகளை மழைத்துளி விழுங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் மலையூரில் இருப்பவர்கள் இதை விசாரித்துக் கொள்ள வேண்டும். ஒரு வட்டாரத்தில் சந்தாதாரர் பெருகினால் சாயங்காலத்தில் வேகம் குறையும். ஒரே ஆகாயத்தைத்தானே எல்லோரும் பங்கு போட்டுக் கொள்ளுகிறார்கள். டிஷ் இராப்பகலாய் மின்சாரம் குடிப்பதையும் கரெண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள் சில பெரியவர்கள், இவ்வளவு பேச்சு எதற்கு, விளையாடிக் கெட்டுப் போகிற பிள்ளைகளுக்காகவா ஒரு சுயமரியாதைப் பத்திரிகை மையைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பணம் வைத்து ஆடுகிற ரம்மி முதலான ஆட்டங்களைப் பற்றி நாம் பேசவில்லை. அவை குடியைக் கெடுத்தவை. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. மற்ற ஆட்டத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் இதுதான்: பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பையன் ஆடினால் திறமை, தோட்டத் தொழிலாளி மகனோ மகளோ ஆடினால் கேடு என்று பேசுகிற ஒழுக்க சாஸ்திரம் நமக்கு வேண்டியதில்லை. படிப்பும் அப்படித்தான் ஒரு காலத்தில் சிலர் படித்தால் கல்வி, நாம் படித்தால் அதர்மமாக இருந்தது. இராத்திரி முழுக்கக் கண் விழிக்காதே என்று பெற்றவர்கள் சொல்லட்டும், அது நியாயம். ஆடுகிற நேரத்தில் மற்றவனுக்குச் சமமாய் ஆட வேண்டும் என்று பிள்ளை கேட்பதும் நியாயந்தான்.

நமக்கு உண்மையில் ஆத்திரம் மூட்டுகிற சங்கதி வேறு. அந்த மலையூருக்குக் கீழே, நாலு கிலோமீட்டர் தூரத்தில் தார் ரோட்டோரம் ஃபைபர் கம்பி வந்து நிற்கிறது. ரோட்டோரத்துக் கடைவீதிக்கு உண்டு. மேலே காலனிக்கும் தோட்டத்து லயன் வீடுகளுக்கும் இல்லை. கேட்டால், இப்பொழுதுதான் சாட்டிலைட் வந்துவிட்டதே, கம்பி எதற்கு என்று பதில் சொல்லுகிறார்கள். இது பதில் அல்ல, பித்தலாட்டம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது என்று அரசாங்கமே திட்டம் போட்டு, டான்ஃபிநெட் என்று அதற்கென ஒரு கம்பெனியையும் வைத்தது. ஊராட்சி ஆபீசுக்கு வந்த கம்பி அதற்கு மேல் குக்கிராமங்களுக்கு நடக்க மாட்டேன் என்று நின்றால், நடக்க வைக்க வேண்டியது யார்? கண்ணாடிக் கம்பிக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். அப்படியிருந்தும் 500 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சென்னைக்குப் போய்வர அதற்கு வெறும் 5 மில்லிசெகண்டு போதும். மழையில் நனையாது, மரம் மறைக்காது, மாதக் கட்டணமும் குறைவு. கம்பி வருகிற இடத்தில் சாட்டிலைட் வாங்குகிறவன் வீட்டு வாசலில் ஆறு ஓட, ஊற்றுத் தோண்டுகிறவன். கம்பி வராத இடத்தில் தாழப் பறக்கிற சாட்டிலைட் நல்ல துணை. நிற்கிற சாட்டிலைட் அவசரத்திற்குக் கைத்தடி. ஆனால் கீழ்வீதிக்குக் கம்பி, மேல்காலனிக்கு ஆகாயம் என்று பிரிக்கிற பிரிவினை நமக்குப் பழக்கமான பிரிவினைதான். ஊர்க் கிணறு உங்களுக்கில்லை, மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடியுங்கள் என்று சொன்னவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இதையும் சொல்லுகிறார்கள்.

ஆகவே சாட்டிலைட் இணையம் விற்க வருகிறவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். உன் சாட்டிலைட் எத்தனை கிலோமீட்டர் உயரம்? பிங் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பாயா? மாதத்திற்கு இத்தனை ஜிகாபைட்டுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைப்பாயா? (பெரிய ஆட்டம் ஒன்றை இறக்கவே 50, 100 ஜிகாபைட் போய்விடும், இதைக் கேட்காமல் விட்டால் முதல் வாரத்திலேயே மாதம் முடிந்துவிடும்.) வேண்டாம் என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தருவாயா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் “சார், இது ஆகாயத்திலிருந்து நேரே வருகிறது” என்று மறுபடியும் ஆரம்பித்தால், புரோகிதனை அனுப்புகிற மாதிரியே அவனையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடலாம்.

அந்தத் தோழர் டிஷ்ஷைக் கழற்றவில்லை. கடன் இருக்கிறது; மனு வேலைக்கு அது ஓடுகிறது. சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் பலகையைத் திறந்து விடுகிறார். ஒரு பெண் குழந்தை எல்லோரையும் ஜெயித்துக் கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். எலுமிச்சம்பழம் காய்ந்து விழுந்துவிட்டது. பிங் அதே 650-ல் இருக்கிறது. கம்பி கேட்டு லயன் வீட்டுக்காரர்களும் காலனிக்காரர்களும் கையெழுத்துப் போட்ட மனு கலெக்டருக்குப் போயிருக்கிறது. சாட்டிலைட் இணையம் வைத்திருக்கிற மற்றத் தோழர்கள், தங்கள் ஊர்ப் பெயர், டிஷ் எந்த வகை என்பதோடு, காலையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று, மழை பெய்கிறபோது ஒன்று என்று பிங் எண்களைக் குறித்து நமக்கு எழுதினால், கம்பெனியின் விளம்பரத்தைப் பக்கத்திலேயே போட்டு இரண்டையும் சேர்த்து வெளியிடுவோம்.